வெளியே நிற்பதற்காகக் குழப்படி செய்தவன்: படுவான்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

குருமண்வெளித் துறையில் காலை ஆறரைக்குப் பாதை ஏறினால், மண்டூர்க் கரையில் இறங்கி மோட்டார் சைக்கிளில் உள்ளே போய் ஏழேகாலுக்குப் பாடசாலையில் நிற்கலாம். மட்டக்களப்பு வாவியைக் கடத்திவிடும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடு, மேற்கே படுவான்கரையில் வேலை என்று ஓடுகிற ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. படிப்பிப்பது கணிதம். அதோடு ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது.

இது ஒரு பையனைப் பற்றிய பதிவு. அடையாளம் தெரியாதபடி ஊர், குடும்பம் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவனைச் சின்னவன் என்று எழுதுகிறேன். வீட்டில் கூப்பிடும் பெயர் அதுவல்ல. தன்னைப் பற்றி எழுதுவதற்கு அவனும் சம்மதம், அம்மம்மாவும் சம்மதம்.

என்னிடம் வந்த விதம்

தை மாதம். 9ஆம் தரம், வயது 14. வகுப்பாசிரியை தந்த கடிதத்தில் நான்கு குற்றச்சாட்டுகள் இருந்தன: பிந்தி வருகிறான், வகுப்பில் சத்தம் போட்டுச் சிரிக்கிறான், பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுகிறான், எதிர்த்துப் பேசுகிறான். கீழே ஒரு வரி: "எத்தனை தரம் வெளியே விட்டாலும் திருந்தவில்லை."

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் முழுதும் இருந்தது. அதை நான் கண்டுகொள்ள ஏழு வாரம் போனது.

பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே வந்துவிட்டது, இலக்கம் 17. எங்கள் பாடசாலையில் இப்போது பிரம்பு இல்லை, அது நல்ல மாற்றம். ஆனால் பிரம்பு போன இடத்துக்கு "வெளியே போய் நில்" வந்து உட்கார்ந்துகொண்டது. அடிக்கவில்லைதானே, யாருக்கும் நோகவில்லைதானே என்று நாங்கள் எல்லாரும் அதை லேசாக எடுத்துக்கொண்டோம்.

என் கணித வகுப்பில் சின்னவன் ஒரு நாளும் குழப்படி செய்ததில்லை. அதைப் பெரிய தடயமாக நான் எடுத்திருக்க வேண்டும். எனக்குப் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு முயற்சிகளும் பிழைத்தன

முதலில் ஒரு நட்சத்திர அட்டவணை செய்தேன். குழப்படி இல்லாத ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் ஒரு பேனை. சிறிய வகுப்புப் பிள்ளைகளிடம் அது எனக்கு நன்றாகவே வேலை செய்திருந்தது. சின்னவன் இரண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள் அட்டவணையைக் கழற்றி மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, "இது சின்னப் புள்ளையளுக்கு டீச்சர்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. 14 வயதுப் பையனை, அவன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நண்பர்கள் முன்னால் நான் நட்சத்திரத்துக்கு வரிசையில் நிற்க வைத்திருந்தேன்.

இரண்டாவது பிழை பெரியது. வேறு வேறு வகுப்புகளிலிருந்து "குழப்படிக்காரர்" என்று பெயர் எடுத்த ஆறு பேரைச் சேர்த்து, வியாழக்கிழமைகளில் ஒரு குழு நடத்தினேன். கோபத்தைக் கையாள்வது, தீர்மானம் எடுப்பது என்று நல்ல தலைப்புகள்தான். முதல் நாளே ஒருவன், கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்கிய கதையைச் சொன்னான். 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அது எல்லாக் கடைக்காரருக்கும் தெரியும். அறை முழுக்கச் சிரிப்பு. அடுத்த கிழமை இன்னொருவன் அதைவிடப் பெரிய கதையோடு வந்தான். சின்னவன் அதுவரை புகைத்ததில்லை. நான்காம் கிழமை அவன் சட்டையில் பீடி வாசம் வந்தது. குழுவை அன்றே நிறுத்தினேன்.

பிறகுதான், இது முன்பே ஆராய்ந்து எழுதப்பட்ட விஷயம் என்று படித்தேன். அமெரிக்காவில் தாமஸ் டிஷன், ஜோன் மெக்கோர்ட், ஃபிரான்சுவா பூலென் மூவரும் 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நடத்தைப் பிரச்சினையுள்ள பதின்ம வயதினரை ஒரே குழுவாகக் கூட்டிவைத்த திட்டங்களில், உதவி பெற்ற பிள்ளைகளிடமே பின்னாளில் புகைப்பதும் பாடசாலைக் குழப்படியும் கூடியிருந்தன. விதியை மீறிய கதைக்குக் கிடைக்கிற சிரிப்புத்தான் அங்கே பரிசு. வளர்ந்தவர் தருகிற புத்திமதியைவிட அந்தப் பரிசு வேகமாக வேலை செய்கிறது. கல்வி வலயத்துக்கு வலயம் இப்படிப்பட்ட குழுக்கள் நல்லெண்ணத்தோடு நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் சேர்க்காதீர்கள். சேர்க்கத்தான் வேண்டுமென்றால், நன்றாக நடக்கிற பிள்ளைகள் பெரும்பான்மையாக இருக்கிற குழுவில் ஒருவரை, இருவரைச் சேருங்கள்.

பத்து நாள் கொப்பி

மாசி நடுவில், இனி எதையும் செய்வதற்கு முன் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். நடத்தைக்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பின் அவனுக்கு என்ன கிடைத்தது: இந்த மூன்று நிரல்களைக் கொண்ட ஒரு கொப்பி. பாடம் எடுக்கிற எல்லாரிடமும் கெஞ்சி, பத்துப் பாடசாலை நாட்களுக்கு எழுத வைத்தேன். இரண்டு பேர் சரியாக எழுதவில்லை, அவர்களின் வகுப்புப் பின்வாசலில் நானே போய் நின்றேன்.

பத்து நாளில் ஒன்பது தரம் வெளியே அனுப்பப்பட்டான். அதில் ஏழு, பாடவேளையின் முதல் பத்து நிமிடத்துக்குள். அந்த ஏழும் தமிழ், வரலாறு, சைவநெறி மூன்றிலும்தான். விவசாயத்திலும் உடற்கல்வியிலும் ஒன்றுமில்லை, கணிதத்திலும் இல்லை. மூன்று பாடத்துக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று முதல் நிரலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஏழு இடத்திலும் ஒரே விஷயம்: முதல் வாங்கிலிருந்து ஒவ்வொருவராக எழும்பிப் பத்தி வாசித்து வருகிறார்கள். சின்னவனின் முறை வருவதற்கு இரண்டு பேர், மூன்று பேர் இருக்கும்போது சண்டை தொடங்குகிறது. கடைசி நிரலிலும் ஒரே விஷயம்: வெளியே அனுப்பப்பட்டான்.

அன்று பின்னேரம் அவனைத் தனியே கூட்டிப்போய் 3ஆம் தரத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தேன். கதவைச் சாத்தச் சொன்னான். சாத்தினேன். எழுத்து எழுத்தாகக் கூட்டி, ஒரு வரியை முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தான். ணகரமும் னகரமும் மாறின, கொம்பும் கொம்புக்காலும் குழம்பின. வியர்த்துப்போனான். ஒன்பது வருடமாகப் பாடசாலைக்கு வருகிற பிள்ளை.

வெளியே அனுப்புவதைத் தண்டனை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவனுக்கு அது தப்பும் வழி. வாசிக்கத் தெரியாதவன் என்று முப்பது பேருக்குத் தெரிவதைவிடக் குழப்படிக்காரன் என்று பெயர் எடுப்பது அவனுக்கு மேல். ஒவ்வொரு தடவையும் நாங்கள் "வெளியே போ" என்றபோது, இது வேலை செய்கிறது, நாளைக்கும் இதையே செய் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். எந்த நடத்தைக்கும் ஒரு வேலை இருக்கும், அந்த வேலையைக் கண்டுபிடி என்று நடத்தையியல் புத்தகங்களில் படித்து, பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். என் முன்னால் அது நடந்துகொண்டிருந்தபோது தெரியவில்லை.

வீடு

வளவு நிறைய மாடு. அம்மம்மா தட்டில் வெற்றிலை வைத்துத் தந்துவிட்டுத்தான் பேசினார்.

"அவன் கெட்ட புள்ளையில்ல டீச்சர். ராவெல்லாம் மாமனோட வயலுக்குள்ள யானைக்குக் காவல். விடியச் சாமம் வந்து மாட்டுல பால் எடுக்கணும். மறுகா எப்பிடி நேரத்துக்குப் பள்ளிக்கு வருவான்?"

பெரும்போக நெல் முற்றுகிற மாதங்களில் படுவான்கரை ஊர்கள் பலவற்றுக்கு இரவு என்பது தூங்குகிற நேரமல்ல. பரணில் ஏறி, நெருப்பு மூட்டி, யானை வெடியோடு இருக்க வேண்டும். ஒரு இரவு கண் அயர்ந்தால் ஒரு போகமே போய்விடும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் தூக்கம் வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். சின்னவனுக்கு நான்கு கிடைத்தால் பெரிது.

மிச்சக் கதை எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கேட்கிற கதை. தகப்பன் விட்டுப் போய்விட்டார். தாய் வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போனார். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளை மூடியபோது அவன் 4ஆம் தரம். வகுப்புகள் வாட்ஸ்அப்புக்கு மாறின. அந்த வீட்டில் இருந்தது பட்டன் போன். சரளமாக வாசிக்கப் பழகியிருக்க வேண்டிய இரண்டு வருடம் அப்படியே போனது. 6ஆம் தரத்தில் போய் உட்கார்ந்தபோது புத்தகங்கள் அவனைவிட்டு வெகுதூரம் போயிருந்தன. ஒருவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. பாடசாலையிலிருந்து முறைப்பாடு போகிற நாட்களில் மாமா வயர் துண்டால் அடிக்கிறார். முதுகில் தழும்பு. இதை ஆலோசனை அறைக்குள் வைத்துக்கொள்ள முடியாது. பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அடுத்த நாளே அறிவித்தேன். அவசரமென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம், காசு செலவில்லை. உத்தியோகத்தர் வந்து மாமாவுடன் இரண்டு தரம் பேசினார். எங்கள் பக்கத்துத் தாய்வழிக் குடி வழக்கில் தாய்மாமன் என்பவர் தகப்பனுக்கும் மேலே. அவரைப் பகைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் செய்ய முடியாது. நான் அவரிடம் போனது, பாடசாலையிலிருந்து இனி முறைப்பாட்டுக் கடிதம் வராது என்று சொல்ல. நல்லது நடந்தால் மட்டும் அம்மம்மாவின் போனுக்கு அழைத்துச் சொல்வோம் என்றேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். கடைசியில், "எனக்கும் வாசிக்கத் தெரியாது டீச்சர்" என்றார்.

கூத்துக் களரியில் வேறொரு பையன்

வெள்ளாண்மை வெட்டு முடிந்து பங்குனியில் கோயிலடியில் கூத்துப் பழகத் தொடங்கியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை இரவு அந்தப் பக்கம் நின்றவள், சத்தம் கேட்டுப் போனேன். மகாபாரதக் கதை, எங்கள் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடி. சின்னவனுக்குக் கட்டியகாரன் வேடம்.

என் கண்ணை நம்ப முடியவில்லை. தன் முறை வரும்வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓரமாகப் பேசாமல் இருந்தான். பிழைத்தபோது, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தினார். ஏசவில்லை. அதே வரியைத் தானே ஒருமுறை பாடினார், மத்தளம் திரும்பத் தொடங்கியது, அவன் திரும்ப ஆடினான். மூன்று தரம் பிழைத்தான், மூன்று தரமும் அப்படியே. நான்காம் தரம் சரிவந்தபோது சுற்றி நின்றவர்கள் பிற்பாட்டை உரத்து எடுத்தார்கள். அவ்வளவுதான் பாராட்டு. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் கூத்தில் எல்லாம் ஒழுங்குபடித்தான். சட்டம் கொடுத்தல் (ஆடுபவர்களுக்குப் பாட்டுப் பிரதியைக் கொடுப்பது), சதங்கை அணிதல், கிழமைக் கூத்து (கிழமைதோறும் ஒத்திகை), அடுக்குப் பார்த்தல் (முழு ஒத்திகை), அப்புறம்தான் அரங்கேற்றம். பல மாதம் பிழைத்துப் பிழைத்துப் பழகிய பிறகுதான் ஊர் முன்னால் நிற்கவேண்டி வரும். நாங்கள் வகுப்பில் முதல் நாளே அரங்கேற்றம் கேட்கிறோம்: எழும்பு, வாசி, எல்லாரும் கேட்கட்டும்.

திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் நான் இதைச் சொன்னேன். ஒருவர் உடனே, "அப்படியென்றால் வகுப்பில் குழப்பினால் கூத்துக்கு விடவேண்டாம் என்று மாமனிடம் சொல்லுங்கள், தானாகத் திருந்துவான்" என்றார். பலர் தலையாட்டினார்கள். நான் மறுத்தேன், இன்றும் மறுப்பேன். பிள்ளை நன்றாக நடக்கிற ஒரேயொரு இடத்தைப் பணயமாக வைக்கக் கூடாது. பரிசாக மாற்றினாலும் ஆபத்துத்தான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில் 1973இல் வெளியான ஆய்வொன்றில், ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு பரிசு இல்லாதபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். விரும்பிச் செய்கிற ஒன்றைக் கூலியாக்கினால் விருப்பம் தேய்கிறது.

கூத்தை அப்படியே விட்டுவிட்டு, அண்ணாவியாரின் முறையை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவர முயன்றோம்.

செய்தவை

முதலில், தமிழ், வரலாறு, சைவநெறி மூன்றிலும் முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி வாசிக்க வைப்பதை நிறுத்தினோம். அவனுக்கு மட்டுமல்ல, முழு வகுப்புக்கும். அவனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இருவர் இருவராகச் சேர்ந்து வாசிப்பார்கள். தனியே வாசிக்க வேண்டிய பத்தி முதல் நாளே கையில் கிடைக்கும்.

அடுத்தது ஒரு அட்டை. சட்டைப்பையில் வைக்கிற அளவு. தாங்க முடியாமல் வரும்போது மேசையில் வைத்தால், ஒன்றும் கேட்காமல் ஐந்து நிமிடம் குழாயடிக்குப் போய்வர அனுமதி. தப்பும் வழியை அடைத்துவிட்டால் அவன் சுவரை இடிப்பான். மரியாதையான ஒரு வாசலைத் திறந்துவிட்டால் சண்டைக்குத் தேவை குறையும். இது சலுகை, மற்றப் பிள்ளைகளும் கேட்பார்கள் என்று இரண்டு ஆசிரியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கேட்டார்கள்தான், இருவர். கொடுத்தோம். ஒரு கிழமையில் அவர்களுக்கு அது அலுத்துவிட்டது.

காலையும் போகும்போதும் ஒரு பெரியவரைச் சந்திக்க வேண்டும், இரண்டு நிமிடம். அந்த ஆள் ஆலோசனை ஆசிரியையாக இருக்க வேண்டியதில்லை, பிள்ளைக்குப் பிடித்தவராக இருக்க வேண்டும். சின்னவன் விவசாயம் படிப்பிக்கிற சேரைத் தேர்ந்தான். சிறு கொப்பியொன்றில் அன்றைய நாளுக்கு இரண்டே இரண்டு குறிக்கோள். பாடம் முடிய ஆசிரியர் அதில் ஒரு அடையாளம் இடுவார், பின்னேரம் சேர் பார்ப்பார். சேர் அதிகம் கேட்டது மாட்டைப் பற்றித்தான் என்று பிறகு தெரிந்தது. அது நல்லதாயிற்று.

வாசிப்புக்கு வாரத்தில் மூன்று நாள், இடைவேளையில் இருபது நிமிடம், என்னோடு. 3ஆம் தரப் புத்தகத்தை நான் பிறகு எடுக்கவே இல்லை. அவனுடைய கூத்துப் பாட்டுகளை அவன் பாட, நான் கொப்பியில் எழுதினேன். காதுக்கும் வாய்க்கும் முன்பே தெரிந்த வரி. கண் மட்டும்தான் புதிதாகப் பழக வேண்டும். விரலை வைத்துப் பாடிக்கொண்டே போவான். சொல்லைக் கண்டுபிடித்ததும் அதிலுள்ள எழுத்துகளைப் பிரித்து வேறு சொற்கள் செய்வோம். களரியிலும், ஏடு பார்த்துப் பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுப்பவருக்குப் பக்கத்தில் அவனை இருத்தும்படி அண்ணாவியாரிடம் கேட்டேன். "அதுக்கென்ன, இருக்கட்டும்" என்றார், ஏன் என்று கேட்கவில்லை.

முழு வகுப்புக்கும் ஒரு குழு விளையாட்டு வைத்தோம். 1969இல் அமெரிக்க வகுப்பறையொன்றில் தொடங்கிய முறை அது. வகுப்பை அணிகளாகப் பிரிப்பார்கள், விதி மீறினால் அணிக்குப் புள்ளி விழும், குறைந்த புள்ளி எடுத்த அணி வெல்லும், இரண்டு அணியும் குறைவாக எடுத்தால் இரண்டுமே வெல்லும். நாங்கள் அதைத் திருப்பிப் போட்டு, உதவி செய்ததற்கும் அமைதியாகத் தொடங்கியதற்கும் புள்ளி கொடுத்தோம். வென்றால் கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் எல்லே என்கிற பந்தடி விளையாட்டு. இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வகுப்பு கொஞ்சம் அமைதியானது.

இரண்டாம் வாரம்

முதல் வாரம் நன்றாகப் போனது. இரண்டாம் வாரம் புதன்கிழமை, பதிலாக வந்த ஆசிரியர் ஒருவர் திட்டம் தெரியாமல் அவனை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அட்டையை வைத்தான். "இதென்ன விளையாட்டு" என்று அவர் அதை எடுத்துவிட்டார். சின்னவன் மேசையைத் தள்ளிவிட்டு, புத்தகத்தைக் கிழித்தெறிந்து வெளியே போனான். ஒரு பையனின் காலில் மேசை விழுந்து வீங்கியது.

அதிபரின் அறையில் அன்று எனக்கு ஆதரவாக இருந்தவர் விவசாய சேர் ஒருவர்தான். பழைய வழி அடைபட்டால், விடுவதற்கு முன் ஒருமுறை உச்சத்துக்குப் போய்ப் பார்ப்பான் என்பது தெரிந்த விஷயம். அதுவும் அன்று வழியை அடைத்தது நாங்கள். ஆனால் ஒரு பிள்ளைக்கு நோகிறது, அதைத் தத்துவம் பேசிக் கடந்துவிட முடியாது. சின்னவன் மூன்று நாள் இடைவேளையில் அந்தப் பையனுக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுத்து, அவன் சைக்கிளை உருட்டிப்போய் வீட்டில் விட்டான். இது இருவரும் பேசி ஒப்புக்கொண்டது. கிழிந்த புத்தகத்தை இருவரும் ஒட்டினார்கள். அன்றிலிருந்து திட்டத்தின் ஒரு பிரதி ஆசிரியர் ஓய்வறைச் சுவரில், பெயரில்லாமல், "9ஆம் தரத்தில் வாசிப்பு இப்படி" என்ற தலைப்பில் ஒட்டப்பட்டது.

இப்போது

திட்டம் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம் முடிந்தபோது திரும்பவும் பத்து நாள் கொப்பி எழுதினோம். வெளியே அனுப்பப்பட்டது ஒன்பதிலிருந்து ஒன்றாகக் குறைந்திருந்தது. அட்டை பாவித்தது ஆறு தரம்.

வாசிப்பு இன்னும் மெது. 4ஆம் தரப் பகுதியைத் தட்டுத் தடுமாறி முடிக்கிறான். சாதாரண தரப் பரீட்சைக்கு அது போதாது. 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்று 2016இலிருந்து விதி இருக்கிறது. வாங்கில் உட்கார்ந்திருப்பதைத்தான் அந்த விதி உறுதிசெய்யும். இடைநிலை வகுப்புகளில் வாசிப்பை அடியிலிருந்து கற்பிக்கிற நேரம் எங்கள் நேரசூசியில் எங்கேயும் இல்லை. நான் என் இடைவேளையைத்தான் கொடுக்கிறேன், இடமாற்றம் வந்தால் அதுவும் நின்றுவிடும். இதை வலயக் கூட்டத்தில் இரண்டு தரம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

பிந்தி வருவது குறையவே இல்லை. மாட்டில் பால் எடுக்காவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதிபர் அவனுக்கு ஏழு ஐம்பதுவரை நேரம் கொடுத்திருக்கிறார். காவல் முறையை மாமா மாற்றினார். பாடசாலை நாட்களில் பக்கத்து வயல்காரரோடு முறைவைத்துப் போகிறார், சின்னவன் வெள்ளி, சனி மட்டும். அடிப்பதும் நின்றிருக்கிறது என்று அம்மம்மா சொல்கிறார். உத்தியோகத்தர் இன்னும் மாதமொரு தரம் போய்ப் பார்க்கிறார்.

அரங்கேற்றம் வைகாசிச் சடங்குக்குப் பிறகு நடந்தது. தாய் வீடியோ அழைப்பில் பார்த்தார், விவசாய சேர் போனைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றார்.

போன செவ்வாய் தமிழ்ப் பாடவேளையில் சின்னவன் அட்டையை மேசையில் வைத்துவிட்டு எழும்பினான். வாசல்வரை போய்த் திரும்பி, முதல் நாள் கொடுத்திருந்த பத்தி சைக்கிள் பையில் கிடக்கிறது, எடுத்துவரவா என்று கேட்டான். தமிழ் ஆசிரியர் போகச் சொன்னார். நான்கு நிமிடத்தில் வந்தான்.